ஒரு மைலுக்கு ஒரு மயில்

சின்னக்காரிபாளையத்தில் பனியன் கழுத்துப்பட்டி தைத்துக் கொடுக்கும் நாச்சிமுத்து, போனில் ஒரே ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டதால்தான் அவ்வளவு மயில்களும் வந்து இறங்கின என்று பின்னால் படித்தவர்கள் சொன்னார்கள். ஊர்க்காரர்கள் அப்படிச் சொல்வதில்லை, அவன் சரியாகத்தான் கேட்டான், பேங்க்காரர்கள்தான் அத்தனை வருசமாக அந்தச் சொல்லைத் தப்பாக எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பது அவர்கள் கட்சி.

ஐப்பசி பிறந்த வாரம் அது. அன்று காலையில்தான் தங்கச்சி வசந்தாமணி கூப்பிட்டிருந்தாள். அவள் இருப்பது வடக்கே, குளிர்ந்த கடலுக்கு நடுவில், வரைபடத்தில் ஒரு ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகிற தீவு. மீன் ஆலையில் குளிர்பெட்டி மெக்கானிக் வேலை கிடைத்த புருசனோடு போனவள், அங்கேயே ஒரு பெண்குழந்தையைப் பெற்று, அதற்கு ஆதிரை என்று பேர் வைத்து, பேச்சும் ஓட்டமும் வந்த பிறகும் காது குத்தாமல் வைத்திருந்தாள். குத்தாததற்குக் காரணம் ஒன்றுதான். தாய்மாமன் மடி வந்து சேரவில்லை. முதல் வருசம் வருகிறேன் என்றான், ஆர்டர் நின்றுபோனது. அடுத்த வருசம் வருகிறேன் என்றான், டிக்கெட் விலையை விசாரித்துவிட்டு ஒரு வாரம் யாரோடும் பேசாமல் திரிந்தான்.

"அண்ணா, இந்த மாசக் கடைசியில பாப்பாவுக்கு மூணு முடியுது. இனி ஒரு நாள் தள்ள மாட்டேன்."

"வர்றேன் கண்ணு."

"இந்த 'வர்றேன் கண்ணு'வைக் கேட்டுக் கேட்டே பாப்பா பேசப் பழகிருச்சு. நீ வரலீன்னா வுடு. இங்க யோனாஸ்னு ஒருத்தரு இருக்காரு, விமானம் எறங்குற புல்லுக்காட்டைப் பாத்துக்கறவரு, தாடி வயித்து வரைக்கும் தொங்கும். பாப்பா பாதி நாளு அவரு மடியிலதான் தூங்குது. அவரை உக்கார வச்சுக் குத்திருவேன். அப்பறம் அவருதான் மாமன். நாளைக்கு இவ பெரியவளாகி ஒரு நல்லது கெட்டதுன்னா சீருக்கு அவரைத்தான் கூப்புடுவேன்."

"வெள்ளைக்காரனையா?"

"மடிக்கு ஏதுண்ணா நெறம்?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நாச்சிமுத்து தையல் கொட்டகையில் போய் நூல்கண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தான். அப்பன் இல்லை, ஆத்தா இல்லை, பங்காளி என்று சொல்லிக்கொள்ள ஒருத்தர் இல்லை. தங்கச்சியை விட்டால் இந்த உலகத்தில் அவன் யாருக்காவது பிறவியிலேயே ஏதாவதாக இருந்தான் என்றால் அது அந்தக் குழந்தைக்கு மாமனாக மட்டும்தான், அதையும் இன்னொருத்தர் தாடியோடு வந்து எடுத்துக்கொள்ளப் போகிறார்.

மத்தியானம் மறுபடி போன் அடித்தது.

"வணக்கம் சார், பேங்க்ல இருந்து ஷர்மிளா பேசறேன். உங்க கார்டுல சேந்திருக்கிற மைல் எல்லாம் இந்த மாசக் கடைசியோட காலாவதி ஆகுது. பயன்படுத்திக்கிறீங்களா?"

பக்கத்தில் கொட்டகையில் தைக்கிற சரசாளின் ஓவர்லாக் மிசின் உறுமிக்கொண்டிருந்தது. என்றைக்கோ திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் டை கட்டிய ஒருவர் தலையில் கட்டிவிட்டுப் போன கார்டு அது, செலவழிக்கிற காசுக்குத் தக்கபடி விமானத்தில் போக மைல் சேருகிற ரகம். நூலுக்கும் ஊசிக்கும் எலாஸ்டிக்குக்கும் அதைத்தான் வருசக்கணக்கில் உரசிக்கொண்டிருந்தான்.

"மயிலுங்களா?"

"ஆமா சார், மைல். நிறையச் சேந்திருக்கு." எவ்வளவு என்றும் சொன்னாள், அது மிசின் சத்தத்தில் அரைபட்டுப் போனது.

"அதை வச்சு என்னங்க பண்றது?"

"பறக்கலாம் சார். எவ்வளவு தூரமானாலும்."

மயிலில் பறப்பது நாச்சிமுத்து கேள்விப்படாத சங்கதி அல்ல. ஊருக்கு மேற்கே கரட்டுக் குன்றின் உச்சியில் ஒருத்தர் வேலும் கையுமாக அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறார், உலகத்தைச் சுற்றி வந்ததும் அதன்மேல்தான். ஆகவே அவன் ரொம்ப யோசிக்கவில்லை.

"அப்படின்னா வூட்டுக்கே அனுப்பிருங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. "அனுப்பியாச்சு சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

மறுநாள் விடிகாலையில் மயில்கள் வந்தன. தகரக் கூரையில் மழை தொடங்குகிற மாதிரி முதலில் ஒன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் எண்ணுகிறவர் நாக்கு சளைக்கும்படி, கொட்டகைக் கூரையில், தண்ணீர்த் தொட்டி விளிம்பில், காயப்போட்ட துணிமேல், ரேஷன் கடைப் படியில், பள்ளிக்கூடத்து வேம்பில், வேம்பில் இடமில்லாமல் பக்கத்துக் காட்டுப் பனைகளில், பனையிலும் இடமில்லாமல் வரப்பு வரப்பாக, ஊருக்கு உள்ளேயும் வெளியேயும் நீலம் நீலமாக வந்து உட்கார்ந்து, அத்தனையும் நாச்சிமுத்து வீட்டு வாசலைப் பார்த்துக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தன.

அவன் பெண்சாதி கலாமணி தண்ணீர் தெளிக்க வந்தவள், கையில் வாளியோடு நின்று பார்த்தாள். "ஏனுங்க, நேத்து போன்ல என்னமோ கேட்டீங்களே, வந்துருச்சாட்ட இருக்குது."

ஆவணியிலும் புரட்டாசியிலும் தோகையை உதிர்த்துவிட்டு வந்தவை, ஒன்றுக்கும் வால் இல்லை. "பேங்க்காரங்க நல்லதையெல்லாம் அவங்க வச்சுக்கிட்டு மொட்டையைத் தள்ளிவுட்டிருக்காங்க பாரு," என்றாள் சரசாள்.

நாச்சிமுத்து போன் போட்டான். ஷர்மிளாவேதான் எடுத்தாள். "ஆமா சார், கிடைச்சிருச்சுன்னு இங்க காட்டுது," என்று அவள் விதிமுறைகளைப் படிக்க ஆரம்பித்தாள். அவள் படிக்கப் படிக்க, அவன் வாசலில் நின்றிருந்த ஊருக்குத் திருப்பிச் சொன்னான். ஒரு மைலுக்கு ஒரு மயில். ஒரு மைல் சுமந்ததும் அது கழிந்துவிடும், அதற்குப்பின் அது எல்லா மயிலையும் போல ஒரு மயில். ஒரு தடவையில் ஒருவர் மட்டுமே போகலாம். கடலுக்கு மேலே கூட்டாளிகள் வந்து வாங்கிக்கொள்வார்கள். எரிபொருள் கட்டணம் தனி, அது வாடிக்கையாளர் பொறுப்பு. விழா நாள்களில் கிடைக்காது.

எரிபொருள் என்றதும் எல்லாரும் முழித்தார்கள். கலாமணிக்குப் புரிந்துவிட்டது, உள்ளே போய்க் கம்பு மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தாள். விழா நாள் என்றால் எது என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஐப்பசியில் சஷ்டி வருகிறது, அது தொடங்கிச் சூரசம்காரம் முடிகிற வரைக்கும் எந்த மயில் வெளிவேலைக்கு வரும்?

அதற்கப்புறம்தான் நிஜமான சிக்கல் வந்தது. கரட்டுக் கோயில் குப்பண்ணப் பண்டாரம் மூச்சு வாங்க இறங்கி வந்து, "சாமி உக்கார்ற எடத்துல மனுசன் உக்காரப்படாது," என்றார். அதுவும் நியாயந்தானே என்றது ஊர். பிஞ்சுக்குக் காது குத்தப் போறவனை மறிக்கிறதும் பாவந்தானே என்றது அதே ஊர். பண்டாரம் ஒரு டீ குடித்தார், இன்னொரு டீ குடித்தார், கடைசியில் சொன்னார்: "உக்காரத்தான் கூடாது. தொங்கிக்கிட்டுப் போனா அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

அப்படி முடிவானது தொட்டில். கொட்டகைப் பெண்கள் அன்றைய கழுத்துப்பட்டிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, மிச்சம் கிடந்த பனியன் துணியையெல்லாம் ஒட்டுப்போட்டு, நாலு மடிப்புத் தையல் போட்டு ஒரு தொட்டில் தைத்தார்கள். மயில் காலில் மாட்ட நாடாவும் வைத்தார்கள், காலை உறுத்தாத நாடா.

மயில்களோடு இருக்க ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. வண்டிக்காரர்கள் இறங்கி நின்று வழி கேட்டுப் போனார்கள், வாத்தியார் அகவல் ஓய்கிற இடைவெளியில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார், வனத்துறையிலிருந்து வந்த ஒருத்தர் கொஞ்ச தூரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "இது பேங்க் சமாச்சாரம், எங்களுக்குச் சம்பந்தமில்லை," என்று ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போனார். பக்கத்துக் காட்டுக்காரர் ராக்கியப்பன் மட்டும் சமாதானமாகவில்லை. அவர் மக்காச்சோளத்தில் பாதியைக் காணவில்லை.

"ஏப்பா நாச்சிமுத்து, உன்ற தங்கச்சி புள்ளைக்குக் காது குத்த என்ற காடு மொட்டையாகணுமா? எப்பக் கெளம்பறே நீ?"

"சஷ்டி முடியட்டுமுங்க. நடுவழியில சஷ்டி வந்தா இதுக என்னை அங்கயே போட்டுட்டுத் திரும்பிருமுங்க."

அந்த ராக்கியப்பன்தான், மழை கொட்டித் தரைப்பாலம் முங்கிப்போன ஒரு பகலில், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். மருமகளுக்கு வலி கண்டுவிட்டது. ஆம்புலன்ஸ் அக்கரையில் நிற்கிறது. அவ்வளவுதான் சொன்னார், மயிலைக் கேட்கவில்லை, தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நாச்சிமுத்து வாசலில் நின்றார்.

கலாமணி உள்ளிருந்து குரல் கொடுத்தாள். "தங்கச்சி வூட்டுக்குத் தூரம் எவ்வளவோ தெரியாது, மயிலு எவ்வளவோ அதுவும் தெரியாது. யோசிச்சுச் செய்யுங்க."

நாச்சிமுத்து தொட்டிலை எடுத்துக் கொடுத்தான். வயிற்றைப் பிடித்தபடி அந்தப் பெண் மழைக்குள் மேலே எழும்பி, வெள்ளத்துக்கு மேலே ஊசலாடிக்கொண்டு, ஒரு மயில் விட இன்னொரு மயில் பிடிக்கத் திருப்பூர் ஆஸ்பத்திரி வாசலில் பூ இறங்குகிற மாதிரி இறங்கியதை, ஊர் முழுக்க நனைந்துகொண்டே பார்த்தது. பொழுதோடு பையன் பிறந்தான் என்று சேதி வந்தது. சுமந்த மயில்கள் திரும்பி வந்தன, ஆனால் அவை நாச்சிமுத்துவின் வாசலைப் பார்க்கவில்லை. நேராகப் போய் ராக்கியப்பன் காட்டில் மிச்சமிருந்த சோளத்தில் இறங்கின. அவர் விரட்டவில்லை.

வலிக்குக் கொடுத்தவன் பல்வலிக்கு எப்படி இல்லை என்பான்? பல்வலிக்குக் கொடுத்தவன் பஸ் தப்பிய டீச்சரம்மாவுக்கு எப்படி இல்லை என்பான்? "அண்ணா, அவிநாசி வரைக்கும், நாலே மயிலு," என்று வந்தார்கள், "மாப்ள, பவானி கூடுதுறை வரைக்கும் ஒரு முங்கு," என்று வந்தார்கள், ஒவ்வொருத்தருக்கும் முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான், திறந்த வாய் "பாத்துப் போங்க"வென்று மூடிக்கொண்டது. கலாமணி பேசுவதை நிறுத்திவிட்டாள். அவள் கம்பு இறைக்கிறபோது வாசலைப் பார்க்கிற கழுத்துகள் நாளுக்கு நாள் குறைவதை அவன் பார்த்தான், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டான்.

சஷ்டி வந்ததும் மயில்கள் ஒன்று விடாமல் கரட்டுக்கு ஏறிப்போயின. ஆறு நாள் ஊர் வெறிச்சென்று கிடந்தது, தூக்கமே வரவில்லை என்றார்கள் ஆள்கள். சூரன் தலை விழுந்த மறுநாள் விடியலில், கழியாமல் மிச்சமிருந்தவை கீழே இறங்கி வந்து வரிசை கட்டின.

"எட்டுமா?" என்றாள் கலாமணி.

"எட்டும்," என்றான், தெரியாமல்.

தோட்டுப் பெட்டியையும், புதுப் பாவாடையையும், வெல்லமும் தேங்காயும் வைத்த சீர்ப்பையையும் மடியில் கட்டிக் கொடுத்தாள். அப்புறம், ஊரே பார்க்க, அவன் தலையில் ஒரு மங்கி குல்லாவை இழுத்து மாட்டினாள். "மாமன்னா மாமனாட்ட போயி உக்காருங்க. கூச்சப்பட்டுக்கிட்டு ஓரத்துல நிக்காதீங்க."

நாச்சிமுத்து எழும்பினான். கொட்டகை கைக்குட்டையாயிற்று, கரடு வெல்லக்கட்டியாயிற்று, நொய்யல் ஒரு நூலாயிற்று; ஒரு மைல் ஆனதும் காலிலிருந்து நாடா தானே நழுவ, ஒரு மயில் விலக, பின்னால் வந்தது முன்னால் வந்து காலைக் கொடுக்க, தொட்டில் நிற்காமல் ஆடிக்கொண்டே போனது. பருத்திக்காடுகளின் மேல் போனான், உப்பு வெளிகளின் மேல் போனான், மணலைத் தவிர ஒன்றுமில்லாத நாட்டில் ஒட்டகம் மேய்க்கிறவர்களின் கூடாரத்தில் ஒரு ராத்திரி தங்கினான், அவர்கள் அவனை ஒன்றுமே கேட்காமல் பேரீச்சம்பழம் கொடுத்து, போகிறபோது தொட்டில் தையலைத் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தார்கள். பனி மூடிய மலைகளின் மேல் போனபோது குல்லாவுக்காகக் கலாமணியை நினைத்து அழுதான். அவன் போன வழியெங்கும் மைலுக்கு ஒரு மயிலாக இறங்கிக்கொண்டே இருந்தது. மயிலையே பார்க்காத ஊர்களில் மாதாகோயில் கோபுரத்திலும் ரயில் நிலையத்திலும் ஒரு மயில் உட்கார்ந்திருக்க, அந்த ஊர்க்காரர்கள் கூடிப் பேசி அதற்கு ஒரு பேர் வைத்து, குளிருக்கு உள்ளே விட்டார்கள்.

நிலம் முடிந்த இடத்தில், சாம்பல் கடலின் ஓரப் பாறையில், கூட்டாளிகள் காத்திருந்தார்கள். வெள்ளைப் பறவைகள், கருத்த இறக்கை நுனி, வாத்துமில்லை கொக்குமில்லை. மயில்கள் ஒரு வரிசையாகவும் அவை ஒரு வரிசையாகவும் எதிரெதிரே நின்று, ஒன்றுக்கு ஒன்று என்று நாடாவைக் கைமாற்றின. மயில் வரிசை முடிந்த பிறகும் வெள்ளை வரிசை நீண்டுகொண்டே போனது. மிச்சமிருந்த வெள்ளைப் பறவைகள் அவனை ஒரு தரம் பார்த்துவிட்டு, மீன் பிடிக்கப் போய்விட்டன.

தீவு வரைக்கும் எட்டாது என்று அப்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் போனான். மாசத்தின் கடைசிப் பகல் அது. தூரத்தில் பச்சையாக ஒரு மேடு, அதில் சிவப்புக் கூரைகள், புல்வெளியில் காற்றுக் காட்டும் துணிக்குழாய் வரைக்கும் கண்ணுக்குத் தெரிந்தபோது, கடைசிப் பறவை அவனை மரியாதையாகத் தண்ணீர்மேல் இறக்கி வைத்துவிட்டுப் போனது. அவிநாசி போன தூரம்தான் பாக்கி. தண்ணீர் ஊசியாகக் குத்தியது. அவிநாசிக்கு மயில் வாங்கிப் போனவர்களைத் திட்டலாமா என்று பார்த்தான். வெள்ளத்துக்கு மேலே ஊசலாடிப் போன வயிறுதான் கண்ணில் வந்தது, திட்டு வரவில்லை. நாலு மடிப்புத் தையல் காற்றைப் பிடித்துக்கொண்டு தொட்டில் புஸ்ஸென்று உப்பி மிதக்க, சீர்ப்பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, அவன் கழுத்தளவு கடலில் கிடந்தான்.

"அண்ணா!"

மோட்டார் படகு ஒன்று குதித்துக் குதித்து வந்தது. முனையில் சேலைக்கு மேல் கம்பளிக் கோட்டு போட்ட வசந்தாமணி. "வர்றேன் கண்ணு வர்றேன் கண்ணுன்னு சொல்லிச் சொல்லி, வந்தும் பாதிக் கடல்ல நிக்கறயே! எப்பவும் முக்கால் காரியந்தானா உனக்கு!" திட்டிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே பையை வாங்கினாள். படகை ஓட்டியவர் ஒரு கையால் அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி உள்ளே போட்டார். தாடி வயிறு வரைக்கும் தொங்கியது.

புல்வெளி ஓரத்துக் கொட்டகையில் எல்லாம் தயாராக இருந்தது. நடுவில் பாய், அதைச் சுற்றிக் காப்பிக் குவளைகளோடு தீவுக்காரர்கள், ஊசியைக் கொதிநீரில் போட்டு வைத்திருந்த நர்ஸம்மா. மேலே இருந்து ஆள் வருவதை அவர்கள் தூரக்கண்ணாடியில் பார்த்திருந்தார்கள். அந்தத் தீவுக்கு வருகிற யாரும் ஏதாவது ஒரு பறக்கிறதில்தான் வந்தாக வேண்டும் என்பதால், யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மைத்துனன் ஒரு உலர்ந்த கம்பளிச் சட்டையைக் கொடுத்தான். நாச்சிமுத்து மாட்டிக்கொண்டு போய், கலாமணி சொன்ன மாதிரியே, பாயின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"ஆதிரை, மாமன் மடியில போயி உக்காரு சாமி."

குழந்தை அவனைப் பார்த்தது. ஈரத் தலை, நீலம் பாரித்த உதடு, நடுங்குகிற முழங்கால். போனில் வருகிற மாமன் உள்ளங்கை அளவுதான் இருப்பான், இது யாரோ. அது ஓடிப்போய் யோனாஸின் காலைக் கட்டிக்கொண்டது.

"வா கண்ணு," என்றான் நாச்சிமுத்து. தாடிக்குள் முகம் இன்னும் உள்ளே போனது. வசந்தாமணி வெல்லத்தைக் காட்டினாள், பாவாடையைக் காட்டினாள், அதட்டினாள். பிடித்து இழுத்து உட்கார வைக்கப் போனபோது அது போட்ட கூச்சலில் நர்ஸம்மா ஊசியைத் திரும்பத் தண்ணீரில் போட்டுவிட்டாள்.

"வுடு வசந்தி," என்றான். "பயப்படுத்திக் குத்தினா அது மடி இல்ல, கிடுக்கி. அவரு மடியிலயே உக்காரட்டும். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்." எழுந்திருக்கப் பார்த்தான், கால் மரத்துப்போயிருந்தது.

யோனாஸுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அவர் முப்பது வருசமாக அந்தப் புல்வெளியில் இறங்குகிற முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் பாயில் வந்து உட்கார்ந்தார், பாய் நிறைந்துபோனது. பிறகு நாச்சிமுத்துவை, மீன்பெட்டியைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் அலுங்காமல் தூக்கி, தன் மடியில் வைத்துக்கொண்டார்.

கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. அவன் முதுகில் தாடி குறுகுறுத்தது, ஒரு பெரிய நெஞ்சின் சூடு கம்பளிக்குள் இறங்கியது, நடுக்கம் நின்றது. அப்பன் போன பிறகு அவனை யாரும் மடியில் வைத்ததில்லை.

ஆதிரை நின்று யோசித்தாள். தனக்குத் தெரிந்த மடி இருக்கிறது, அதன்மேல் இன்னொரு மடி இருக்கிறது. மேலே ஏறினால்தான் தாடி எட்டும். ஒரு முழங்காலில் கையை ஊன்றி, இன்னொரு முழங்காலில் காலை வைத்து, மெதுவாக ஏறி வந்து, கடைசியில் நாச்சிமுத்துவின் மடியில் அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

"அண்ணா, நீ எப்படித் திரும்பிப் போவே?" வசந்தாமணிக்கு அப்போதுதான் அது தோன்றியது. "உன்கிட்ட ஒண்ணும் மிச்சமில்லையே!"

"தெரியில கண்ணு. அதை யாருமே யோசிக்கல. பொறவு பாத்துக்கலாம், மொதல்ல குத்தச் சொல்லு, ஏறுன புள்ளை எறங்கிறப் போகுது."

நர்ஸம்மா குனிந்தாள். ஊசி போனது. அந்தத் தீவில் அதுவரைக்கும் யாரும் கேட்டிராத கூச்சல் கிளம்பி, வெளியே கடல் பறவைகள் மொத்தமாக எழும்பின. குழந்தை வலியில் திரும்பி, எது கிட்டத்தில் இருந்ததோ அதில், நாச்சிமுத்துவின் நெஞ்சில், முகத்தைப் புதைத்து அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. அவன் மூச்சு விடக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தான்.

"இன்னொரு காது இருக்குது சாமி," என்றாள் வசந்தாமணி, மெதுவாக.

அழுகை விக்கலாகும் வரை எல்லாரும் காத்திருந்தார்கள். ஆதிரை முகத்தை நெஞ்சிலிருந்து எடுக்கவில்லை. பிடித்த சட்டையை விடாமலேயே தலையை மட்டும் அந்தப் பக்கமாகத் திருப்பி, அடுத்த காதைக் காட்டினாள்.